ஆளில்லாமல் கேட்கும் குரல்: மூளை ஆய்வுகளைப் பற்றி சேலத்துக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) உள்ளவர்களில் பத்துக்கு ஏறத்தாழ ஏழு பேருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் ஆளில்லாத குரல் காதில் விழுகிறது. அந்தக் குரல் மூளையில் எப்படி உருவாகிறது என்பதைப் பற்றி உலகமெங்கும் நடந்த ஆய்வுகளில் நமக்குப் பயன்படுபவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். கேள்விகள் என்னுடையவை அல்ல. அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டித் தறிக் குடும்பங்களும் ஏற்காட்டு மலைக் கிராமத்தாரும் மனநல வெளிநோயாளிப் பிரிவின் பெஞ்சில் சீட்டை வைத்துக்கொண்டு காத்திருக்கும்போது கேட்பவை. நான் மனநல சமூகப் பணியாளர். மருந்து எழுதும் மருத்துவர் இல்லை. மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் மருத்துவரின் வேலை.

யாரோ பேசுகிறார்கள் என்கிறான். பக்கத்திலேயே இருக்கும் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. நடிக்கிறானா?

நடிக்கவில்லை. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. ஸ்கேன் படங்கள் இருக்கின்றன.

1993இல் லண்டனில் மெகுவையர் என்ற மனநல மருத்துவரின் குழு, குரல் கேட்டுக்கொண்டிருந்த 12 ஆண்களின் மூளையில் ரத்த ஓட்டத்தைப் படம் எடுத்தது. குரல் அடங்கிய பிறகு அதே ஆட்களை மறுபடியும் படம் எடுத்தது. குரல் கேட்ட நேரத்தில் இடது நெற்றிப் பக்கத்தில் இருக்கும் புரோக்கா பகுதியில் ரத்த ஓட்டம் கூடியிருந்தது. நாம் பேசுவதற்குச் சொற்களைக் கோக்கும் இடம் அது. கேட்கும் இடம் அல்ல, பேசும் இடம் என்பதைக் கவனியுங்கள். அடுத்த கேள்விக்கு இது தேவைப்படும்.

1999இல் ஜெர்மனியில் டீர்க்ஸ் என்பவரின் குழு இன்னொரு வழியில் போனது. நோயாளி ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுத்திருப்பார், கையில் ஒரு பொத்தான் இருக்கும். குரல் தொடங்கினால் அழுத்த வேண்டும், நின்றால் விட்டுவிட வேண்டும். அழுத்திய நேரங்களில் மூளையின் எந்தப் பகுதி விழித்தது என்று பார்த்தார்கள். காதிலிருந்து வரும் நிஜமான ஒலி மூளைப் புறணியில் முதலில் போய்ச் சேரும் ஹெஷல் மடிப்பே விழித்திருந்தது. வெளியில் ஒலி இல்லை. ஆனால் ஒலியை வரவேற்கும் வாசல் திறந்திருந்தது.

அந்த ஆய்வில் இருந்தவர்கள் மூன்றே பேர் என்பதையும் சொல்ல வேண்டும். பின்னால் வந்த எல்லா ஆய்வுகளிலும் அந்த மடிப்பு இதே போல் விழிக்கவில்லை. ஆனால் பேசுவதோடும் கேட்பதோடும் தொடர்புடைய பகுதிகள் குரல் நேரத்தில் இயங்குகின்றன என்பது திரும்பத் திரும்பத் தெரியவந்திருக்கிறது. ஆகவே “உனக்கு ஒன்றும் கேட்கவில்லை, சும்மா இரு” என்று சொன்னால் அவர் உங்களைத்தான் பொய்யர் என்று நினைப்பார். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அது நியாயமும்கூட.

ஆள் இல்லை என்றால் பேசுவது யார்?

பெரும்பாலான ஆய்வாளர்களின் பதில்: அவரே.

நாம் எல்லோரும் நாள் முழுக்க உள்ளுக்குள் பேசிக்கொண்டே இருக்கிறோம். “கேஸை அணைத்தோமா? சாவி எங்கே?” இந்தப் பேச்சு நம்முடையதுதான் என்று நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஏன் என்றால், பேசும் பகுதி ஓர் உத்தரவு பிறப்பிக்கும்போதே அதன் நகல் ஒன்று கேட்கும் பகுதிக்கும் போகிறது. “இப்போது வரப்போவது நம் குரல், பொருட்படுத்தாதே” என்பதுதான் அந்த நகலின் சேதி. அது போய்ச் சேராவிட்டாலோ தாமதமானாலோ, கேட்கும் பகுதி தன் சொந்தப் பேச்சையே அந்நியன் பேச்சாக எடுத்துக்கொள்கிறது. அனுப்புநர் பெயர் விட்டுப்போன கடிதம் போல அது வந்து விழுகிறது.

இது வெறும் யூகமா என்றால், இல்லை. போர்ட், மேத்தலான் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள், மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் ஈ.ஈ.ஜி. கருவியால் இதைப் பார்த்தார்கள். ஒலி கேட்டுப் பத்தில் ஒரு நொடிக்குள் மூளையில் ஒரு மின் அலை எழும். நோயில்லாதவர் தானே பேசும்போது அந்த அலை தணிந்துவிடும். மனச்சிதைவு உள்ளவர்களிடம் அந்தத் தணிவு குறைவாக இருந்தது.

கிச்சுக்கிச்சு ஆய்வு எனக்கு இன்னும் பிடிக்கும். உங்களை நீங்களே கிச்சுக்கிச்சு மூட்டிப் பாருங்கள், சிரிப்பு வராது. கையை அசைப்பது நீங்கள்தான் என்று மூளைக்கு முன்கூட்டியே தெரியும். 2000ஆம் ஆண்டு பிளேக்மோர் என்பவரின் குழு, மாயக்குரல் கேட்பவர்களிடம் இதைச் சோதித்தது. தாங்களே தொட்டாலும் பிறர் தொட்டாலும் கூச்சம் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தது என்று அவர்கள் சொன்னார்கள். நகல் சரியாகப் போய்ச் சேராத பிரச்சினை பேச்சில் மட்டும் இல்லை என்று இதிலிருந்து தெரிகிறது.

உதடு அசைகிறதே, முணுமுணுக்கிறாரே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. வீட்டுக்காரர்கள் எளிதில் கவனிக்கக்கூடிய அறிகுறி அது. ஸ்கேன் வருவதற்கு வெகுகாலம் முன்பே, 1949இல், கூல்டு என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு பெண் நோயாளியின் மெல்லிய முணுமுணுப்பை மைக் வைத்துப் பெருக்கிக் கேட்டார். குரல் என்ன சொல்கிறது என்று அந்தப் பெண் சொன்னாரோ அதுவே அந்த முணுமுணுப்பிலும் இருந்தது. 1987இல் இரண்டு ஆய்வாளர்கள் நோயாளிகளை வாயை அகலத் திறந்து வைத்திருக்கச் சொன்னார்கள். 18 பேரில் 14 பேர் குரல் நின்றுவிட்டது என்றார்கள். ஆனால் சில ஆண்டுகளில் மறுபடியும் சோதித்தபோது வாய் திறப்பது பலன் தரவில்லை. மெல்ல ராகம் இழுப்பது, ‘ம்ம்ம்’ என்று முனகுவது பலன் தந்தது.

இதில் காசு செலவில்லை. எங்களிடம் வரும் சிலர் பஸ்ஸில் இப்படி முனகிக்கொண்டே வருவார்கள். பக்கத்து இருக்கைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். சிலர் இயர்போனில் பாட்டுக் கேட்பார்கள். சிலர் செய்தித்தாளை வாய்விட்டு வாசிப்பார்கள். வாய் வேறு வேலையில் இருக்கும்போது குரலுக்கு இடம் குறைகிறது. எது யாருக்கு ஒத்துவரும் என்பதைச் செய்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

தறி ஓடும்போதுதான் திட்டுகிறார்கள் என்கிறார். தறி நின்றால் குரலும் நின்றுவிடுகிறது. காதில் கோளாறா?

சேலத்தில் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். விசைத்தறிக்கூடத்தில் பத்து மணி நேரம் நிற்பவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். ஒருவர் என்னிடம் விவரித்தார்: நூலைக் குறுக்கே கொண்டுபோகும் நாடா அடிக்கும் ஒவ்வோர் அடிக்கும் ஒரு சொல், தாளம் தப்பாமல் வசவு. சரிபார்க்கத் தறியை நிறுத்துவார், குரல் போய்விடும். மறுபடியும் ஓட்டுவார், வந்துவிடும். நிறுத்தி நிறுத்தி ஓட்டியதில் துணியில் குறுக்கே கோடு கோடாக விழுந்து கூலியில் பிடித்தம் ஆகிவிட்டது. அந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் வீட்டில் விசாரித்திருக்கிறார்கள்.

மனநல மருத்துவத்துக்கு இது புதிதில்லை. குழாயில் தண்ணீர் விழும்போது, மின்விசிறி ஓடும்போது, பஸ் என்ஜின் உறுமும்போது மட்டும் குரல் கேட்பவர்கள் உண்டு. தறிச் சத்தத்தை அவர்கள் தறிச் சத்தமாகவே கேட்கிறார்கள். கூடவே குரலும் கேட்கிறது.

இதைப் புரிந்துகொள்ள இன்னொரு கொள்கை வேண்டும். மூளை காதில் விழுவதை அப்படியே பதிவு செய்வதில்லை. என்ன வரப்போகிறது என்று முன்கூட்டி ஊகித்து, விழுந்ததோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்கிறது. இரைச்சலில் காதுச் செய்தி மங்கலாக இருக்கும்போது ஊகத்தின் கை ஓங்குகிறது. யேல் பல்கலைக்கழகத்தில் பவர்ஸ், கார்லெட் ஆகியோர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு படத்தையும் ஒரு மெல்லிய ஒலியையும் சேர்த்துச் சேர்த்துக் காட்டிப் பழக்கினார்கள். பிறகு ஒலியை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் காட்டினார்கள். எல்லோருக்குமே சில முறை இல்லாத ஒலி கேட்டது. அன்றாடம் குரல் கேட்பவர்களுக்கு அது மிக அதிகமாகக் கேட்டது, அதுவும் உறுதியாகக் கேட்டது.

காதுப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். தறிச் சத்தம் ஆண்டுக்கணக்கில் காதைக் கெடுக்கும். கேட்கும் திறன் குறைவது மாயக்குரலுக்கு வாய்ப்பைக் கூட்டுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. காதடைப்பான் போடச் சொன்னால் தறிக்காரர்கள் சிரிக்கிறார்கள். நான் சொல்வதை நிறுத்தப்போவதில்லை.

எங்கள் ஊர்ப் பூசாரிக்கும் அம்மன் குரல் கேட்கிறது. ஊரே குறி கேட்க வருகிறது. அவருக்கு நோய் இல்லை, இவனுக்கு மட்டும் நோயா?

கேட்க வேண்டிய கேள்வி. ஒரு மலைக்கிராமத்துத் தாத்தா கேட்டார். யேல் ஆய்வாளர்களும் இதைத்தான் கேட்டிருக்கிறார்கள். நான் மேலே சொன்ன சோதனையில், நோய் எதுவும் இல்லாமல் தினமும் குரல் கேட்கும் குறி சொல்பவர்களையும் அவர்கள் சேர்த்திருந்தார்கள். இல்லாத ஒலியைக் கேட்பதில் இரு சாராரும் ஒன்றுபோலவே இருந்தார்கள். வேறுபாடு வேறிடத்தில் இருந்தது. ஒலி இப்போது வருவதில்லை என்று ஆதாரம் சேரச் சேர, நோயில்லாதவர்கள் தங்கள் எண்ணத்தை மாற்றிக்கொண்டார்கள். நோய் உள்ளவர்களுக்கு அது கடினமாக இருந்தது.

ஊர் வழக்கில் சொன்னால், பூசாரி வாக்குச் சொல்லி முடித்ததும் திருநீறு பூசிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குகிறார். அவர் அழைத்தால் குரல் வருகிறது, போ என்றால் போகிறது. உங்கள் பையனுக்கு அது அழைக்காமல் வருகிறது; தூக்கத்தைக் கெடுக்கிறது; வேலையை, சாப்பாட்டை, உறவை முறிக்கிறது. குரல் கேட்பது மட்டும் நோயாகிவிடாது. வாழ்க்கை எவ்வளவு குலைகிறது என்பதைத்தான் மருத்துவர் பார்க்கிறார்.

கணவனையோ மனைவியையோ இழந்தவர்களுக்கு அவர்களின் குரல் கேட்பதும் இயல்பு. 1971இல் வேல்ஸ் நாட்டு மருத்துவர் ரீஸ் விசாரித்த துணை இழந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர், இறந்தவர் அருகில் இருப்பதாக உணர்ந்ததாகவோ பார்த்ததாகவோ கேட்டதாகவோ சொன்னார்கள். தூக்கம் கவியும் நேரத்தில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போலிருப்பதும் அப்படித்தான். குடியைத் திடீரென்று நிறுத்தியவர்களுக்கும் வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும் குரல் கேட்கலாம். அவற்றுக்கு வேறு சிகிச்சை. குடி நிறுத்தியதால் வரும் குழப்பம் அன்றைக்கே ஆஸ்பத்திரி சேர வேண்டிய அவசரம்.

அப்படியானால் கோயிலுக்குக் கூட்டிப் போகலாமா?

தாராளமாக. ஏற்காட்டு மலைச் சாமி சேர்வராயனுக்கு நேர்ந்துகொள்வதில் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. மாத்திரையை நிறுத்தாதீர்கள், கட்டிவைக்காதீர்கள், பட்டினி போடாதீர்கள், அடிக்க விடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் சிக்கி 28 பேர் இறந்ததை நம் தலைமுறை மறந்திருக்க முடியாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை வெளிப்படையாகத் தடை செய்கிறது.

குரல் ஏன் எப்போதும் கெட்டதையே பேசுகிறது?

எப்போதும் இல்லை. இதில் நம் மண்ணிலேயே ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. மானுடவியலாளர் தான்யா லூர்மன், சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தின் மருத்துவர்களோடு சேர்ந்து மூன்று ஊர்களில் ஊருக்கு 20 பேராக, மனச்சிதைவுக்காகச் சிகிச்சை பெறுபவர்களிடம் பேசினார். கலிபோர்னியாவின் சான் மேட்டியோ, கானாவின் அக்ரா, நம் சென்னை. முடிவுகள் 2015இல் அச்சாயின.

அமெரிக்கர்கள் பெரும்பாலும் முகம் தெரியாத குரல்கள், வன்முறை, போர் என்றார்கள். அக்ராவில் பலர் கடவுள் பேசுவதாகச் சொன்னார்கள். சென்னையில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கேட்டது சொந்தக்காரர்களை: அம்மா, அப்பா, மாமியார், நாத்தனார். திட்டும் குரல்தான், ஆனால் கூடவே சமை, குளி, வீட்டைப் பெருக்கு என்று ஏவவும் செய்தது. இந்தப் பகுதியைச் சத்தமாகப் படித்தால் பெஞ்சில் இருக்கும் மருமகள்களில் யாராவது சிரிக்காமல் இருந்ததில்லை.

ஊருக்கு 20 பேரை வைத்து உலகத்தையே அளந்துவிட முடியாது. ஆனாலும் குரலை உருவாக்குவது மூளை என்றாலும், அதற்கு யார் முகம், என்ன பேச்சு என்பதை வாழ்க்கை தருகிறது என்று நினைக்க இடமிருக்கிறது. உள்பேச்சுக் கொள்கையால் மட்டும் இதை விளக்க முடியவில்லை. தன் குரலாக இருந்தால் மாமியார் தொனி எங்கிருந்து வந்தது? அதனால் சில ஆய்வாளர்கள் பழைய நினைவுகள், முக்கியமாகச் சிறுவயதுக் காயங்கள், அழைக்காமல் மேலெழுவதாகச் சொல்கிறார்கள். எல்லாக் குரலுக்கும் ஒரே காரணம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமா? கடன் வாங்கியாவது எடுக்கிறோம்.

கடன் வாங்காதீர்கள். மனச்சிதைவைக் காட்டும் ஸ்கேன் இன்று உலகில் எங்கும் இல்லை. மேலே நான் சொன்னவை எல்லாம் பலரைக் கூட்டிச் சராசரி பார்த்தவை. 2015இல் கேம்பிரிட்ஜ் குழு ஒன்று, மூளையின் முன்பகுதியில் உள்ள ஒரு பள்ளம் ஒரு சென்டிமீட்டர் குட்டையானால் மாயப்புலன் அனுபவம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 20 சதவீதம் கூடுகிறது என்று கண்டது. எது வெளியிலிருந்து வந்தது, எது மனதுக்குள் எழுந்தது என்று பிரித்தறிய உதவும் பகுதி அது. அருமையான ஆய்வு. ஆனால் உங்கள் மகனின் பள்ளத்தை அளந்து எந்த மருத்துவரும் எதையும் சொல்ல முடியாது. கட்டி, வலிப்பு, மூளைக்காய்ச்சல் போன்றவை இல்லையென்று உறுதி செய்ய மருத்துவர் ஸ்கேன் கேட்டால் மட்டும் எடுங்கள்.

மாத்திரை எப்படிக் குரலை நிறுத்துகிறது?

டோபமின் என்ற ரசாயனம் மூளையில் “இது முக்கியம், கவனி” என்று அழுத்தம் கொடுக்கிறது. மனச்சிதைவில் மூளையின் நடுப்பகுதியில் அது அளவுக்கு மீறிச் சுரக்கிறது. 1952இல் பாரீஸில் குளோர்புரோமசின் முதன்முதலாக மனநோய்க்குக் கொடுக்கப்பட்டது. அது டோபமினின் வாசலை அடைப்பதால் வேலை செய்கிறது என்பது பிறகுதான் புரிந்தது. ரிஸ்பெரிடோன், ஒலான்சபைன், ஹாலோபெரிடால் எல்லாம் அந்த வழியில் வந்தவை.

ஸ்விட்சை அணைத்தது போல குரல் நிற்காது. “கேட்கிறது, ஆனால் தூரத்தில் கேட்கிறது”, “கேட்கிறது, நான் கண்டுகொள்வதில்லை” என்பதுதான் முதலில் வரும் மாற்றம். அதற்கே சில வாரங்கள் ஆகலாம். பத்து நாளில் பலன் இல்லை என்று மாத்திரையைக் குப்பையில் போடுபவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வரும், மறைக்கவில்லை.

இரண்டு மருந்துகளைப் போதிய அளவில் போதிய காலம் கொடுத்தும் அடங்காவிட்டால் குளோசபைன் இருக்கிறது. மற்ற மருந்துக்கு மசியாதவர்களில் 30 சதவீதம் பேருக்கு அது பலன் தந்தது, ஒப்பிட்டுப் பார்த்த குளோர்புரோமசின் 4 சதவீதம் பேருக்குத்தான் என்று 1988இல் அமெரிக்காவில் தெரியவந்தது. வெள்ளை அணுக்கள் குறையும் ஆபத்து இருப்பதால் முதல் 18 வாரங்கள் வாராவாரம் ரத்தப் பரிசோதனை உண்டு. பீடி, சிகரெட் புகை குளோசபைனையும் ஒலான்சபைனையும் உடலிலிருந்து சீக்கிரம் வெளியேற்றிவிடும். எனவே புகையைத் திடீரென்று விட்டாலும் மறுபடியும் பிடித்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவை மாற்ற வேண்டியிருக்கும்.

பெங்களூரில் தலையில் கரண்ட் வைத்துக் குரலை நிறுத்துகிறார்களாமே?

நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசு மனநல, நரம்பியல் மருத்துவமனை பற்றிக் கேட்கிறீர்கள். இங்கிருந்து சுமார் 200 கிலோமீட்டர். மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் ஈ.சி.டி. என்ற மின் அதிர்ச்சிச் சிகிச்சை வேறு, இது வேறு. இதில் நோயாளி விழித்தபடி உட்கார்ந்திருப்பார். நெற்றியின் இடப்பக்கமும் இடது காதுக்கு மேல் சற்றுப் பின்னாலும் இரண்டு ஈரப் பஞ்சுப் பட்டைகள். இரண்டு மில்லி ஆம்பியர் மின்சாரம், 20 நிமிடம். லேசாகக் குறுகுறுக்கும். பிரான்சில் 2012இல் புரூனலின் குழு 30 பேரிடம், நாளுக்கு இருமுறை ஐந்து நாள் செய்தபோது, சிகிச்சை பெற்றவர்களின் குரல் தொல்லை சராசரியாக 31 சதவீதம் குறைந்தது. நிம்ஹான்ஸிலும் இதைத் தொடர்ந்து ஆராய்கிறார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் சிலவற்றில் பலன் தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. காந்தத் துடிப்பால் செய்யும் முறைக்கும் இதே கதைதான். மருந்தோடு சேர்த்துச் செய்வது, மருந்துக்கு மாற்றில்லை.

கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடுமா?

ஆகாது. மறைத்துச் செய்தால் இன்னொரு வீடும் சேர்ந்து தவிக்கும்.

குரல் “செத்துப்போ” என்கிறது. என்ன செய்வது?

இதற்குக் காத்திருக்கவே கூடாது. குரல் என்ன சொல்கிறது என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தன்னையோ பிறரையோ துன்புறுத்தச் சொல்கிறது என்றால் தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்து, கயிறு, கத்தி கைக்கெட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்து வாருங்கள், 108 வரும். அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி-மனஸ் உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

மலையிலிருந்து மாதாமாதம் இறங்கி வர முடியவில்லை. காப்பி பறிக்கும் காலத்தில் ஒரு நாள் கூலி போனால் வீட்டில் உலை கொதிக்காது.

இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, சேலத்தில் வரிசையில் நின்று, மாலை பஸ் பிடித்து ஏறுவதற்குள் ஒரு நாள் போய்விடும் என்பது உண்மைதான். மருந்து விட்டுப்போய்க் குரல் திரும்பி வருபவர்களில் மலைக்காரர்கள் அதிகமாக இருப்பதற்கு அலட்சியம் காரணமில்லை, தூரம்தான் காரணம் என்பது என் எண்ணம். மருத்துவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போட்டுக்கொள்ளும் ஊசி இவருக்குப் பொருந்துமா? இரண்டு, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடங்கிய மருந்தை, மாவட்ட மனநலத் திட்டத்தின் மூலம் உங்களுக்குப் பக்கத்து அரசு மருத்துவமனையில் தொடர முடியுமா? வரும்போது பழைய சீட்டை எடுத்து வாருங்கள். நோயாளி வர மறுத்தால் வீட்டார் மட்டுமாவது வந்து நிலைமையைச் சொல்லுங்கள்.

ஆய்வில் சேரச் சொல்லி யாராவது கேட்டால் சேரலாமா?

சேரலாம், கட்டாயம் இல்லை. ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். எந்தக் கட்டத்திலும் விலகலாம் என்றும், விலகினால் வழக்கமான சிகிச்சை நிற்காது என்றும் அதில் எழுதியிருக்க வேண்டும். ஆய்வுக்காக எடுக்கும் ஸ்கேனுக்கு உங்களிடம் பணம் கேட்கக் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும் மாத்திரையை நிறுத்தச் சொன்னால், கையெழுத்துப் போடும் முன்பு உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள்.